வேலி எந்தப் பக்கம்? கென்யாவில் விலங்குகள் நடுவே தங்க நான்கு வழிகள்

கென்யா போக நினைப்பவர்கள் பெரும்பாலும் எந்தப் பூங்கா, எத்தனை சஃபாரி, சிங்கம் கண்ணில் படுமா என்றுதான் கணக்குப் போடுகிறார்கள். தங்குமிடத்தை நட்சத்திரத்தையும் நீச்சல் குளத்தையும் பார்த்து முடிவு செய்துவிடுகிறார்கள். என் கணக்கு வேறு. எந்த லாட்ஜில் தங்கினாலும் பகலில் ஜீப் ஏறினால் ஏறக்குறைய ஒரே காட்சிதான். மாலை ஆறு மணியிலிருந்து மறுநாள் காலை ஆறு மணி வரை என்ன நடக்கிறது என்பதில்தான் ஒரு விடுதிக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம். அந்தப் பன்னிரண்டு மணி நேரம் விலங்கு எங்கே, நாம் எங்கே, நடுவில் என்ன இருக்கிறது?

விளம்பரத்தில் எல்லோரும் ‘விலங்குகள் சுதந்திரமாக உலவும் ரிசார்ட்’ என்று ஒரே வரியைத்தான் போடுகிறார்கள். அந்த ஒரு வரிக்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத நான்கு அனுபவங்கள் ஒளிந்திருக்கின்றன.

முதலில், இன்ஸ்டாகிராமில் எல்லோரும் பார்த்த நைரோபியின் ஜிராஃப் மேனர். 1930களில் கட்டிய கல் மாளிகை. 1974இல் லெஸ்லி-மெல்வில் தம்பதி இதை வாங்கி, அழியும் நிலையில் இருந்த ராத்ஸ்சைல்ட் வகை ஒட்டகச்சிவிங்கிக் குட்டிகளை இங்கே கொண்டுவந்து வளர்க்க ஆரம்பித்தார்கள். அப்போது கென்யாவில் அந்த வகை நூற்றுச்சொச்சம்தான் மிச்சம். ஆக, பின்னணி நல்ல பின்னணிதான். காலைச் சாப்பாட்டு நேரத்தில் ஜன்னல் வழியாகத் தலை உள்ளே வரும். கருநீல நாக்கு ஒன்று, ஒன்றரை அடிக்குக் குறையாது, உள்ளங்கையில் இருக்கும் தீனி உருண்டையை எச்சிலோடு வழித்துக்கொண்டு போகும். படம் அருமையாக வரும், சந்தேகமே இல்லை.

ஆனால் ராத்திரி? ஒட்டகச்சிவிங்கிகள் தங்கள் காட்டுப் பக்கம் போய்விடும். சுற்றிலும் இருப்பது நைரோபியின் லங்காட்டா புறநகர். இருப்பதே பன்னிரண்டு அறைகள் என்பதால் பல மாதங்களுக்கு முன்பே பதிவு செய்ய வேண்டும். வாடகையோ ஒருவருக்கு ஓர் இரவுக்கே ஆயிரம் டாலரை ஒட்டிப் போகும், தாண்டியும் போகும். பக்கத்திலேயே அதே குடும்பம் தொடங்கிவைத்த ஜிராஃப் சென்டர் இருக்கிறது. அங்கே பகலில் டிக்கெட் எடுத்து, மேடையில் நின்று, அதே தீனியை அதே இன ஒட்டகச்சிவிங்கிக்குக் கொடுக்கலாம். மேனர் வாடகையோடு ஒப்பிட்டால் அந்த டிக்கெட் சில்லறைக் காசு. தேனிலவுக்குப் போகிறவர்கள், பணம் ஒரு பொருட்டில்லாதவர்கள் போகட்டும்; மற்றவர்களுக்கு நான் சென்டரைத்தான் சொல்வேன். (தீனி தீர்ந்த பிறகும் முகத்துக்கு நேராக நிற்காதீர்கள். தலையால் ஒரு இடி இடித்தால் தாங்காது. அங்கே வேலை செய்பவர்கள் எச்சரிப்பது சும்மா இல்லை.)

இரண்டாவது நைவாஷா. நைரோபியிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர், நெரிசலைப் பொறுத்து இரண்டு மணி நேரம் அல்லது கொஞ்சம் கூட. பெரும்பிளவுப் பள்ளத்தாக்கில் இருக்கும் நன்னீர் ஏரி. கரையோரம் மஞ்சள் பட்டை வேலமரங்கள், அவற்றின் கீழே பெரிய புல்வெளிகள், புல்வெளி ஓரமாக லாட்ஜ்கள். வரிக்குதிரையும் வாட்டர்பக் மானும் சில லாட்ஜ்களில் ஒட்டகச்சிவிங்கியும் அறை வாசல் வரை மேய்ந்துகொண்டு வரும். யாரும் தீனி போட்டு அழைப்பதில்லை, புல் இருக்கிறது, வருகின்றன. சிங்கம் இந்தப் பக்கம் பெரும்பாலும் கிடையாது என்பதால் பகலில் நீங்களும் நடக்கலாம். கிரசென்ட் தீவு என்று ஒரு தனியார் சரணாலயம் இருக்கிறது. படகில் போய் இறங்கினால் ஒட்டகச்சிவிங்கிக் கூட்டத்துக்குப் பக்கத்தில் காலாற நடந்துவிட்டு வரலாம். கொஞ்ச தூரத்தில் ஹெல்ஸ் கேட் தேசியப் பூங்கா. அங்கே வாடகை சைக்கிள் எடுத்துக்கொண்டு வரிக்குதிரைகளுக்கு நடுவே மிதிக்கலாம். வண்டிக்குள்ளேயே அடைந்து கிடக்காத ஆப்பிரிக்கா வேண்டுமென்றால் இதுதான் இடம்.

இருட்டியதும் கதை மாறும். பகலெல்லாம் ஏரியில் மூக்கை மட்டும் காட்டிக்கொண்டு கிடந்த நீர்யானைகள் கரையேறும். ஒன்றரை டன் எடை. ஓர் இரவில் நாற்பது கிலோ வரை புல் மேயும். அறைக்குள் விளக்கை அணைத்துவிட்டுக் காத்திருந்தால் முதலில் காதுக்குத்தான் வரும். ஜமக்காளத்தைக் கிழிப்பது போல சரக், சரக் என்று நிதானமாக ஒரு சத்தம். அப்புறம் திரையை விலக்கினால் பத்தடி தள்ளி கறுப்பாக ஒரு மேடு நகரும். பல்லால் கடிப்பதில்லை, அகலமான உதட்டாலேயே புல்லைக் கவ்விப் பிய்க்கிறது. காலையில் எழுந்து பார்த்தால் பாதையோரச் செடியெல்லாம் சாணம் தெறித்திருக்கும், வாலால் விசிறிவிட்டுப் போயிருக்கும்.

இங்கே ஆபத்து என்பது வெறும் பேச்சில்லை. 2018 ஆகஸ்டில் நைவாஷாவில் படம் எடுக்க நெருங்கிப் போன தைவான் பயணி ஒருவரை நீர்யானை தாக்கிக் கொன்றது. நீர்யானைக்கும் தண்ணீருக்கும் நடுவில் போய் நிற்காதே என்பதுதான் முதல் விதி. இரவு உணவுக்குப் போக, திரும்பிவர, கையில் டார்ச்சோடு காவலாளி கூட வருவார். ‘இங்கேதானே, நாலு எட்டு’ என்று தனியாகக் கிளம்பக் கூடாது. சில விடுதிகள் ஏரிக்கும் புல்வெளிக்கும் நடுவில் இரவில் மட்டும் மின்கம்பி போட்டுவிடுகின்றன. குழந்தைகளோடு போகிறவர்களுக்கு அது நிம்மதி, ஆனால் நீர்யானை கம்பிக்கு அந்தப் பக்கமே நின்றுவிடும். எது வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு பதிவு செய்யுங்கள்.

மூன்றாவது முற்றிலும் வேறு சமாசாரம். அபர்டேர் மலைக்காட்டில் இருக்கும் ‘தி ஆர்க்’. நோவாவின் கப்பல் மாதிரி மரத்தில் கட்டியது, அறைகளும் கப்பல் அறைகள் போலக் குட்டி குட்டியாகத்தான் இருக்கும். முன்னால் ஒரு குளம், உப்பு மண். அந்த உப்பைத் தேடி யானையும் காட்டெருமையும் வரும், கழுதைப்புலியும் புதர்மானும் வரும், அதிர்ஷ்டம் இருந்தால் கறுப்புக் காண்டாமிருகமும் வரும். விலங்குகள் வெளியே திரிகின்றன. உள்ளே அடைபட்டிருப்பது நாம். மத்தியானம் அடிவாரத்து கிளப்பிலிருந்து பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போவார்கள், மறுநாள் காலை இறக்கிவிடுவார்கள். நடுவில் வெளியே காலெடுத்து வைக்க முடியாது. கீழ்த்தளத்தில் கல்லால் கட்டிய ஒரு பதுங்கறை, சுவரில் திறப்புகள். அதன் வழியாகப் பார்த்தால் யானையின் கால் நகம் உங்கள் கண் மட்டத்தில் இருக்கும்.

அறையில் ஒரு மணி இருக்கிறது. ராத்திரி ஏதாவது முக்கியமான விலங்கு வந்தால் அடிப்பார்கள். தூக்கத்தில் எழுந்து, கம்பளியைப் போர்த்திக்கொண்டு, செருப்புச் சத்தம் கேட்காமல் மாடிக்கு ஓடும் வெளிநாட்டுத் தாத்தா பாட்டிகளைப் பார்ப்பதே தனி வேடிக்கை. உயரம் ஏழாயிரம் அடிக்கு மேல் என்பதால் குளிர் உண்மையான குளிர். ஊட்டிக்கு எடுத்துப்போன ஸ்வெட்டர் இருந்தால் மறக்காமல் எடுத்து வையுங்கள்.

இந்த வகை விடுதிக்கு முன்னோடி அதே காட்டில் 1932இல் ஓர் அத்திமரத்தின் மேல் கட்டிய ட்ரீடாப்ஸ். 1952 பிப்ரவரி 5 அன்று இளவரசியாக மேலே ஏறிய பிரிட்டனின் எலிசபெத், தந்தை இறந்துவிட்டதால் மறுநாள் அரசியாக இறங்கினார் என்று சொல்வார்கள், அந்த ட்ரீடாப்ஸ்தான். இரண்டே வருடத்தில் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான மாவ் மாவ் கிளர்ச்சியில் எரிந்துபோய் மறுபடியும் கட்டினார்கள்.

காட்டின் நடுவில் தங்கினாலும் அபர்டேர் முழுக்கவே வேலிக்குள்தான் இருக்கிறது. மலையைச் சுற்றி சுமார் 400 கிலோமீட்டருக்கு மின்வேலி, 2009இல் வேலை முடிந்தது. சுற்றிலும் உழவர்களின் நிலம். வேலி இல்லாமல் யானையும் சோளக்கொல்லையும் பக்கத்துப் பக்கத்தில் இருக்க முடியாது. முதுமலை ஓரத்து ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நான்காவது மாசாய் மாரா. இங்கே டென்ட். டென்ட் என்றதும் முகாமில் படுக்கும் கூடாரம் என்று நினைக்க வேண்டாம். கட்டில், குளியலறை எல்லாம் உண்டு, படுக்கைக்குள் வெந்நீர்ப் பை கூட வைத்துவிட்டுப் போவார்கள். ஆனால் சுவர் கான்வாஸ், கதவு ஜிப். வேலி இல்லாத முகாமாக இருந்தால் அந்தத் துணிக்கு அந்தப் பக்கம் எது வேண்டுமானாலும் வந்து நிற்கலாம்.

நான்கில் எனக்கு இதுதான் பிடித்தது. காரணம் பார்ப்பது அல்ல, கேட்பது. சிங்கத்தின் கர்ஜனை எட்டு கிலோமீட்டர் தூரம் வரை கேட்கும். அதனால் எங்கோ தொலைவில் இருப்பதும் பக்கத்தில் இருப்பது போலத் தோன்றும். கழுதைப்புலியின் ‘ஊஊப்’ என்ற ஏறுகுரல் ஒரு பக்கம் எழும்பும், மறுபக்கத்திலிருந்து பதில் வரும். நடுநிசியில் டென்ட் கயிறு ‘டங்’ என்று அதிரும். மேய வந்த வரிக்குதிரை தடுக்கியிருக்கும். காலையில் தேநீர் கொண்டுவரும் மாசாய் பழங்குடிக் காவலர் மண்ணில் கிடக்கும் தடத்தைக் காட்டி, யார் எந்தப் பக்கமிருந்து வந்து எந்தப் பக்கம் போனார் என்று பேப்பர் படிப்பது போலச் சொல்லுவார். இருட்டிய பிறகு அவர் துணையில்லாமல் டென்ட்டை விட்டு இறங்கக் கூடாது. பிஸ்கட் பாக்கெட் கூட உள்ளே வைக்காதீர்கள், ஜிப்பைத் திறக்கக் குரங்குக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

மாராவுக்குள்ளேயே ஒரு தேர்வு இருக்கிறது. அரசு ரிசர்வ் ஒன்று. அதை ஒட்டி நபோய்ஷோ, மாரா நார்த், ஒலாரே மோட்டோரோகி போன்ற கன்சர்வன்சிகள். இவை மாசாய் குடும்பங்களுக்குச் சொந்தமான நிலங்கள், முகாம்கள் குத்தகை கொடுத்து நடத்துகின்றன. படுக்கை எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு, அதனால் ஒரு சிறுத்தையைச் சுற்றி இருபது வண்டி நிற்காது. முக்கியமாக, ரிசர்வில் அனுமதி இல்லாத இரவுச் சஃபாரியும் நடைச் சஃபாரியும் இங்கே உண்டு. என் அளவுகோல் இரவுதான் என்பதால் என் ஓட்டு கன்சர்வன்சிக்கே. விலைதான் கசக்கும். ஆனால் ரிசர்வும் இப்போது மலிவில்லை. 2024இலிருந்து வெளிநாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் ஜூலை முதல் டிசம்பர் வரை ஒரு நாளைக்கு 200 டாலர், மற்ற மாதங்களில் 100.

ரிசர்வின் செகெனானி, தாலெக் வாசல்களுக்கு வெளியே மலிவான முகாம்கள் நிறைய. அவற்றில் பல வேலி போட்டவை. ராத்திரி மாட்டு மணிச் சத்தமும் ஜெனரேட்டரும்தான் கேட்கும். தப்பில்லை, பகல் சஃபாரி அதேதான். ஆனால் இணையதளப் படத்தில் டென்ட் வாசலில் யானை நிற்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். பதிவு செய்யும் முன் மூன்று கேள்வி எழுதிக் கேளுங்கள்: முகாமைச் சுற்றி வேலி உண்டா, இரவில் காவலர் துணைக்கு வருவாரா, குழந்தைகளுக்கு வயது வரம்பு என்ன. சுற்றி வளைத்துப் பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள்.

கென்யாதான் என்று அடம் இல்லாதவர்கள் தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்காவையும் யோசிக்கலாம். அங்கே அரசு முகாம்கள் முழுக்க வேலிக்குள் இருக்கின்றன, சொந்தமாகக் காரோட்டிப் பார்க்கலாம், சமைத்துக்கொள்ளலாம், குடும்பத்தோடு போனால் செலவு கணிசமாகக் குறையும். கதவு மூடும் நேரத்துக்குள் திரும்பாவிட்டால் அபராதம். வேலிக்கு வெளியே கழுதைப்புலி ரோந்து சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே உள்ளே கரியடுப்பில் சோளம் சுடலாம். அது இன்னொரு சுகம்.

சரி, யாருக்கு எது? ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் இருந்தால் நைவாஷா, அதுவும் மின்கம்பி உள்ள விடுதி. வேலி இல்லாத மாரா முகாம்கள் பல சின்னக் குழந்தைகளை ஏற்பதில்லை. நடக்கச் சிரமப்படும் பெற்றோரை அழைத்துப் போனால் ஆர்க் நல்லது. ஜீப் குலுக்கல் இல்லாமல், நாற்காலியில் உட்கார்ந்தபடியே யானையைப் பார்த்துவிடலாம். இருவராகவோ நண்பர்களாகவோ போனால் நைவாஷாவில் ஓர் இரவு, மாராவில் மூன்று இரவு. வரிசை முக்கியம். மாராவை முதலில் முடித்துவிட்டு நைவாஷா வந்தால் மான்கள் எல்லாம் சப்பென்று தெரியும். ஆர்க்கில் ஓர் இரவுக்கு மேல் வேண்டாம். மறுநாளும் அதே குளம்தான்.

சைவர்களுக்குப் பயம் வேண்டாம். தலைமுறைகளாகக் குஜராத்திகள் வாழும் நாடு, சப்பாத்தியும் பருப்பும் லாட்ஜ் சமையலறைக்கு அன்னியமில்லை. முன்கூட்டியே சொல்லிவைத்தால் போதும். பிளாஸ்டிக் பைக்கு 2017 முதல் தடை, பெட்டியில் துணிப்பையாக வையுங்கள். மாராவுக்குக் குட்டி விமானத்தில் போனால் சாமான் 15 கிலோதான், அதுவும் மடங்கும் பையாக இருக்க வேண்டும். மாராவில் மலேரியா உண்டு, மாத்திரை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

விசா இப்போது இல்லை, 2024 ஜனவரியிலிருந்து ஆன்லைனில் இடிஏ என்ற மின்னணுப் பயண அனுமதி எடுக்க வேண்டும். அதைவிடப் பலர் கோட்டைவிடுவது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியை. கென்யாவிலிருந்து திரும்பும்போது அந்தச் சான்றிதழ் இல்லாவிட்டால் இந்திய விமான நிலையத்திலேயே பிடித்து ஆறு நாள் வரை தனிமையில் வைக்க முடியும். பயணத்துக்குப் பத்து நாள் முன்னதாகவாவது போட்டிருக்க வேண்டும், ஒரு முறை போட்டால் ஆயுளுக்கும் போதும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு, எந்த நாட்களில் போடுகிறார்கள் என்று விசாரித்துவிட்டுப் போங்கள்.