கண்ணோரம் பொரி வருகிறவர்களுக்கு எது: க்ரீமா, ஜெல்லா, ரெட்டினாலா?

கண்ணுக்குக் கீழே வெள்ளையாக, கடுகைவிடச் சின்னதாக, கெட்டியாக இருக்கும் பொரிக்கு மிலியா என்று பெயர். இது பரு இல்லை. கெரட்டின் என்ற புரதம் தோலுக்குள் அடைபட்டு உருண்டையாகிவிடுகிறது. வெளியே வர வாய் இல்லாததால் பிதுக்கினால் வராது, புண்தான் ஆகும். இது அடிக்கடி வருகிற சருமம் என்றால், கண்ணுக்கு எதை வாங்கினாலும் விலையைவிடப் பதத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஷியா பட்டர், லானோலின், மெழுகு சேர்ந்த கெட்டி க்ரீம்கள் வறண்ட சருமத்துக்கு இதமானவை. ஆனால் பிசுக்காக மேலே தங்குவதால் பொரி வருகிறவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன். ராத்திரி கண்ணைச் சுற்றித் தேங்காய் எண்ணெய் தடவும் வழக்கத்தையும் இதே காரணத்துக்காக விட்டுவிடலாம்.

கிளிசரினும் ஹையலுரானிக் அமிலமும் உள்ள ஜெல் ஈரப்பதம் தரும், பிசுக்காக மேலே தங்காது. சென்னை வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் இதுவே தாராளம். சிலவற்றில் காஃபின் இருக்கும். அது காலையில் வரும் கண் வீக்கத்தைச் சற்று நேரம் வடியவைக்கும், பொரியை ஒன்றும் செய்யாது.

பொரி விஷயத்தில் உருப்படியாக ஏதாவது செய்யக்கூடியது வைட்டமின் ஏ வகையான ரெட்டினால்தான். பழைய செல்கள் உதிர்ந்து புதுத் தோல் வருவதை வேகப்படுத்தும். ஆனால் பலன் தெரிய மாதக்கணக்கில் ஆகும், கண்ணோரத் தோலோ மிக மெல்லியது. அதனால் வாரம் இரண்டு இரவு போதும். முதலில் ஜெல், அது காய்ந்ததும் அரிசி மணியளவு ரெட்டினால். இமையில் படாமல், விரலுக்குத் தட்டுப்படும் கண்குழி எலும்பின் மேல் மட்டும். எரிந்தால் நிறுத்திவிடுங்கள். கர்ப்பிணிகள் தொடவே வேண்டாம். பகலில் சன்ஸ்க்ரீன் கட்டாயம். கண் எரிச்சல் உள்ளவர்களுக்கு ஜிங்க் ஆக்ஸைடு வகை பெரும்பாலும் ஒத்துப்போகும்.

ஆக, என் தேர்வு தினமும் ஜெல், தாங்கினால் மட்டும் ரெட்டினால்.

அட்டையில் 'நான்-காமெடோஜெனிக்' (தோல் துவாரத்தை அடைக்காதது) என்று போட்டிருப்பதை மட்டும் நம்பி வாங்காதீர்கள். அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.கூட அந்தச் சொல்லுக்கு வரையறை வைக்கவில்லை. பின்பக்கப் பட்டியலைப் படியுங்கள். அதிகம் உள்ள பொருள்தான் முதலில் வரும்.

அப்புறம், எல்லாப் பொரியும் மிலியா இல்லை. தோல் நிறத்திலேயே கூட்டமாக இருந்தால் சிரிங்கோமாவாக இருக்கலாம். அது வியர்வைக் குழாயிலிருந்து வருவது, க்ரீமுக்கு மசியாது. மஞ்சளாகத் தட்டையாக இருந்தால் சாந்தலாஸ்மாவாக இருக்கலாம், கொலஸ்ட்ரால் பரிசோதனை செய்துவிடுங்கள். மிலியாவே என்றாலும், நாள்பட்டும் போகாவிட்டால் தோல் மருத்துவர் சுத்தமான ஊசியால் கீறி சில நிமிடத்தில் எடுத்துவிடுவார்.