ஒரே ஒரு லீவு: தீபாவளிக்குப் போவதா, பொங்கலுக்குப் போவதா?

சென்னையில் வேலை பார்க்கிற எங்களுக்கு, நாலு நாள் சேர்ந்தாற்போல் ஊருக்குப் போகும் லீவு வருஷத்துக்கு ஒரு தடவைதான் வாய்க்கும். அதை எந்தப் பண்டிகைக்குச் செலவழிப்பது என்ற வழக்கு கல்யாணமான வருஷமே எங்கள் வீட்டில் ஆரம்பித்துவிட்டது. வீட்டுக்காரருக்குச் சிவகாசிப் பக்கம், எனக்கு அம்பாசமுத்திரம் பக்கம். அவர் தீபாவளிக் கட்சி, நான் பொங்கல் கட்சி. பன்னிரண்டு வருஷமாக இரண்டுக்கும் மாறி மாறிப் போய் வந்த பிறகுதான் இதை எழுதுகிறேன்.

தீபாவளிக்குச் சேர வேண்டியதை முதலில் கொடுத்துவிடுகிறேன். விடிகாலை நாலு மணிக்கு மாமியார் எழுப்புவார். முற்றத்தில் பலகை போட்டிருக்கும். ரெண்டு மிளகு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய் வெதுவெதுப்பாகக் கிண்ணத்தில் காத்திருக்கும். உச்சந்தலையில் அவர் கை வைத்துத் தேய்க்க ஆரம்பித்தால், ஐம்பது வயது ஆளும் ஐந்து வயதுப் பிள்ளையாகிவிடுவார். மாமனாரே அந்தப் பலகையில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்து, "சீயக்காய் கண்ணுல படுது" என்று சிணுங்குவதைப் பார்த்திருக்கிறேன். குளித்து வந்தால் லேகியம். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம் எல்லாம் இடித்து, வெல்லமும் நெய்யும் விட்டுக் கிண்டியது. ஒரு நெல்லிக்காய் அளவு வாயில் போட்டால் தொண்டை முதல் வயிறு வரை ஒரு சூடு இறங்கும். சாப்பிடப் போகிற பலகாரத்துக்கு முன்கூட்டியே மருந்து கொடுத்துவிடுகிற பண்டிகை எனக்குத் தெரிந்து வேறு கிடையாது. அந்த யோசனை யாருக்கு வந்ததோ, அவருக்கு ஒரு கும்பிடு.

சிவகாசிப் பக்கம் தீபாவளி என்பது கொண்டாட்டம் மட்டுமில்லை, சோறு. மாமனார் பட்டாசு லேபிள் அடிக்கிற அச்சகத்தில் வேலை பார்த்தவர். நாம் ஒரு ராத்திரியில் கொளுத்துவதை அந்த ஊர் வருஷம் பூராவும் செய்கிறது. 2018-இலிருந்து தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்று இரண்டு மணி நேரம்தான் வெடிக்கலாம். காலையில் கிடைக்கிற அந்த ஒரு மணி நேரத்தில் எங்கள் வீட்டுக்காரர் சரம் வைக்கிற வேகத்தைப் பார்க்க வேண்டும். ஒரு கண் கடிகாரத்தில், ஒரு கண் திரியில். பிள்ளைகள் ஊதுவத்தியோடு பின்னால் வரிசையில் நிற்பார்கள். அவ்வளவு கவனமாக அவர் வேறு எந்த வேலையும் செய்து நான் பார்த்ததில்லை.

ஆனால் ஏழு மணி அடித்ததும்? இட்லி, கறிக்குழம்பு, அப்புறம் தூக்கம். எட்டரைக்கெல்லாம் தெரு அடங்கிவிடும். எழுந்தால் டிவி. பத்து நாள் தயாரிப்பு, மூன்று மணி நேரத்துப் பண்டிகை. சில வருஷம் சதுர்த்தசியும் அமாவாசையும் ஒரே நாளில் வந்துவிடும். அப்போது அந்தக் கறிக்குழம்புக்கும் ஆபத்து. விரதமா, கறியா என்று வீடே இரண்டாகப் பிரிந்து, கடைசியில் முந்தின நாளே கறி வாங்கிச் சமைத்துச் சமாதானம் ஆகும்.

தேதியும் ஒரு தலைவலி. 2023-இல் நவம்பர் 12, 2024-இல் அக்டோபர் 31, 2025-இல் அக்டோபர் 20. சந்திரனை வைத்துக் கணக்கு என்பதால் ஓடிக்கொண்டே இருக்கும். ஐப்பசி அடைமழை வேறு. நனைந்த புஸ்வாணத்தை அடுப்படியில் வைத்துக் காயவிட வேண்டாம் என்று பிள்ளைகளிடம் கெஞ்சியிருக்கிறேன். பொங்கலோ சூரியன் கணக்கு. ஜனவரி 14, தப்பினால் 15. மழை ஓய்ந்திருக்கும், அறுவடை முடியப் போகும், பனங்கிழங்கு விளைந்திருக்கும். டிக்கெட் எடுக்க எந்த நாள் விடியற்காலை உட்கார வேண்டும் என்று இப்போதே சொல்லிவிடலாம்.

பொங்கல் எங்கள் பக்கம் முந்தின நாள் சிறுகிழங்கில் தொடங்கும். சின்னச் சின்னதாக, மண் ஒட்டி, கோலிக்குண்டு மாதிரி இருக்கும் கிழங்கு. ஒவ்வொன்றாகத் தோல் சீவினால் தை முடிந்து மாசி வந்துவிடும். அதனால் சாக்கில் போட்டு, ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு, கல்தரையில் குலுக்கிக் குலுக்கித் தேய்ப்போம். என் தம்பிகள், மாப்பிள்ளைகள், பக்கத்து வீட்டு மாமா என்று ஆம்பளை ஆட்கள் முழுப்பேரும் அந்தச் சாக்கைச் சுற்றித்தான் நிற்பார்கள். அம்மா நடுநடுவே வந்து கையை விட்டு ஒரு கிழங்கை எடுத்துப் பார்ப்பாள். "இன்னும் ரெண்டு தேய்ப்பு" என்பாள். எத்தனை தேய்த்தாலும் இன்னும் ரெண்டுதான்.

விடியும் முன் வாசலில் கோலம். அதன் மேல் அடுப்பாகக் காவியும் சுண்ணாம்பும் பூசிய பொங்கக் கட்டிகள் மூன்று. மஞ்சக்குலை கட்டிய பானை. விறகு கிடையாது, காய்ந்த பனையோலைதான். ஓலைத் தீ அழகு, ஆனால் பொறுமை இல்லாதது. சடசடவென்று ஏறும், மறுநொடி சாம்பலாகும். அதனால் தள்ளுவதற்கென்றே ஒரு ஆள் நகராமல் உட்கார வேண்டும். சின்ன வயதில் அது என் வேலை. புகையில் கண் கரித்து முகத்தைத் திருப்பினால் ஆச்சி குரல் வரும்: "ஓலையத் தள்ளுட்டி, தீ அவிஞ்சிரப் போவுது!" பானை நுரைத்து வரும்போது யாரும் பேச மாட்டார்கள். எந்தப் பக்கம் வழிகிறது என்று எல்லோரும் குனிந்து பார்ப்போம். வழிந்ததும் குலவை, சங்கு, "பொங்கலோ பொங்கல்". நாலு தெருவிலும் கொஞ்சம் முன்னே பின்னே அதே சத்தம் எழும்பும்.

இங்கேதான் எனக்குத் தராசு சாய்கிறது. தீபாவளியில் இன்று எல்லாமே கடையில் கிடைக்கிறது: துணி, பலகாரம், லேகியம்கூடப் பாட்டிலில். பொங்கலில் அந்தப் பானைக்கு முன்னால் யாராவது உட்கார்ந்தே ஆக வேண்டும். வேலை அதிகம் என்பது உண்மை. அத்தனை காயையும் நறுக்கி முடிப்பதற்குள் பெண்கள் இடுப்பு ஒடிந்துபோகும். ஆனால் எங்கள் வீட்டில் கிழங்கு, ஓலை, கரும்பு வெட்டுவது, வெள்ளையடிப்பது என்று எல்லோர் கைக்கும் வேலை வந்துவிடுகிறது. தீபாவளி முறுக்கு பிழிந்த காலத்தில் அடுப்படியில் அம்மா மட்டும்தான் நின்றாள்.

மறுநாள் இன்னும் ருசி. தண்ணீர் ஊற்றி வைத்த பொங்கச் சோறு, மிஞ்சின கறியெல்லாம் ஒன்றாகச் சுண்டவைத்த சுண்டக்கறி. அதற்காகவே முதல் நாள் அளவோடு சாப்பிடுகிறவள் நான். மாட்டுக்கும் அன்றைக்கு மாலை உண்டு. லீவு விஷயத்திலும் அரசாங்கம் என் கட்சி: பொங்கல், திருவள்ளுவர் நாள், உழவர் திருநாள் என்று தை 1, 2, 3 மூன்று நாளும் விடுமுறை.

மற்ற பண்டிகைகள் இந்தப் போட்டிக்கு வராததற்கு லீவுதான் காரணம். ஆயுத பூஜைக்கு ரெண்டு நாள் லீவு உண்டு, புத்தகத்தைத் தொடக்கூடாது என்பதால் என் மகனுடைய ஓட்டு அதற்குத்தான். பிள்ளையார் சதுர்த்திக்குக் கொழுக்கட்டை உண்டு, லீவு ஒரு நாள். திருக்கார்த்திகைக்கு அதுவும் இல்லை. அதில் எனக்கு உண்மையான வருத்தம். பச்சைப் பனங்குருத்தை விரித்து, அரிசிமாவும் கருப்பட்டியும் வைத்துக் கட்டி அவிக்கிற ஓலைக் கொழுக்கட்டை வாசமும், கோயில் முன்னால் சொக்கப்பனை எரிகிற வெளிச்சமும் சேர்ந்த ராத்திரி அது. மறுநாள் ஆபீஸ் என்றால் எப்படிப் போய் வருவது?

ஊருக்குப் போகவே முடியாத வருஷம் என்றால் மட்டும் தீபாவளிதான் ஜெயிக்கும், ஒத்துக்கொள்கிறேன். அடுக்குமாடியில் எண்ணெய்க் குளியல் நடக்கும், லேகியம் நடக்கும். நாலாவது மாடிக்கு முறுக்குத் தட்டு போகும். அங்கிருந்து ரம்ஜானுக்குப் பிரியாணி வந்த பாத்திரம் இப்படித்தான் திரும்பிப் போக வேண்டும், காலியாக அனுப்புவது முறையில்லை. கேஸ் அடுப்பில் குக்கரில் வைக்கிற பொங்கலுக்கு யாரும் குனிந்து நின்று பார்ப்பதில்லை.

வீட்டுக்காரரிடம் இந்தக் கணக்கைப் படித்துக் காட்டினேன். கறிக்குழம்பைப் பற்றி ரெண்டு வரிதானா என்று கேட்டார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அம்மா போன்: "இந்த வருசம் சிறுகெழங்கு எத்தன கிலோ சொல்லட்டும்? மாப்பிள வாராகல்லா?"

அவர் போனை வாங்கி, "அஞ்சு கிலோ சொல்லுங்க அத்தை" என்றார்.