ஐந்து எண்ணுவதற்குள் வெளுத்த கொலுசு, பாட்டி பெயரில் காணாமல் போன எழுத்து

தர்மபுரி நாலு ரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு மடக்கு மேசை. மேலே சிவப்புத் துணி, வரிசையாக வெள்ளை மூடி போட்ட நகை வெளுக்கும் திரவப் பாட்டில்கள், ஒரு பிளாஸ்டிக் டப்பா, பக்கத்தில் கறுத்துப்போன கொலுசுகள் ஒரு குவியல். தைப்பூசத்துக்கு நான்கு நாள் முன்னால் அங்கே நின்று 300 ரூபாய்க்கு இரண்டு பாட்டில் வாங்கினேன். அதில் ஆரம்பித்த செலவு 1,700 ரூபாயில் போய் நின்றது. பணத்தை விடுங்கள், என் பாட்டி கையில் கிடந்த வெள்ளிக் காப்பில் வெட்டியிருந்த பெயரில் ஓர் எழுத்தே போய்விட்டது. நம் ஊர்ப்பக்கம் அந்த மேசை இன்னும் சுற்றிக்கொண்டிருப்பதால் நடந்ததை முழுக்க எழுதுகிறேன்.

மேசைக்காரர் பேச்சில் கெட்டி. "அக்கா, கண்ணால பாருங்க, அப்புறம் வாங்குங்க" என்று ஒரு கொலுசை எடுத்து டப்பாவில் முக்கினார். ஐந்து எண்ணுவதற்குள் வெளியே எடுத்தால் பளீரென்று வெள்ளை. அழுகின முட்டை மாதிரி ஒரு வாடை வந்தது. "அது அழுக்கு கழண்டு வர்ற வாசனைக்கா" என்றார். முலாம் போட்டதற்கு ஆகுமா என்று நான் கேட்காமல் இல்லை. "தங்கம், வெள்ளி, கவரிங், ஒரு கிராம் கோல்டு, எதுக்கும் போடலாம், ஒண்ணும் ஆவாது" என்றார். பாட்டிலில் ஒட்டியிருந்த தாளில் உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று ஒரு வரி கிடையாது. தயாரித்தவர் முகவரி கிடையாது. ஒரு மயில் படம் இருந்தது.

குமாரசாமிப்பேட்டை முருகன் கோயிலில் தைப்பூசத்துக்குப் பெண்கள் தேர் இழுப்பது உங்களுக்குத் தெரியும். அன்றைக்கு வீட்டில் இருக்கிற நகையெல்லாம் வெளியே வந்துவிடும். போதாக்குறைக்கு என் மகள் பரதம் கற்கிறாள், அடுத்த வாரம் அவளுக்கு ஒரு மேடை இருந்தது. எல்லாவற்றையும் ஒரே இரவில் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் என் கொலுசு. நன்றாகவே வெளுத்தது. அங்கேதான் நான் நம்பிவிட்டேன். மேசையில் அவர் காட்டியது பொய் கிடையாது. வெள்ளி கறுப்பது காற்றிலும் வியர்வையிலும் இருக்கிற கந்தகம் வெள்ளியோடு சேருவதால். இந்த மாதிரி முக்கி எடுக்கும் திரவங்கள் பொதுவாக அமிலத்தில் தயோயூரியா என்ற ரசாயனம் கலந்தவை. அவை அந்தக் கறுப்பைக் கரைத்துவிடும், முட்டை வாடை அப்போது கிளம்பும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு. வேலைப்பாடு இல்லாத வெறும் வெள்ளியில் அது வேலை செய்யத்தான் செய்யும். எதில் வேலை செய்யுமோ அதை மட்டும் மேசையில் வைத்திருந்தார், அவ்வளவுதான் வித்தை. கதவையும் ஜன்னலையும் சாத்திக்கொண்டு அதை மோந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன் என்பது தனிக் கூத்து.

அடுத்தது பாட்டியின் காப்பு. வெளிப்பக்கம் கொடியும் இலையுமாக உளியால் வெட்டிய வேலை, உள்பக்கம் பாட்டியின் மூன்றெழுத்துப் பெயர். வெட்டின பள்ளத்தில் கறுப்பு இருந்தால்தான் மேலே உள்ள வெள்ளி எடுத்துக் காட்டும். அந்தக் கறுப்பு சில நகைகளில் செய்கிறபோதே ஏற்றுவது, சிலவற்றில் வருஷக்கணக்காகப் படிவது. இரண்டும் அழுக்கல்ல என்பது அன்று எனக்கு உறைக்கவில்லை. முக்கி எடுத்தேன். கொடி, இலை எல்லாம் ஒரே வெள்ளையாகி, அலுமினியக் கம்பியை வளைத்து வைத்த மாதிரி ஆகிவிட்டது. பெயரை வாசிக்க வெளிச்சத்தில் சாய்த்துப் பிடிக்க வேண்டியிருந்தது.

அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். மகளின் டான்ஸ் செட்டையும் எடுத்தேன். நெற்றிச்சுட்டி, சூரியப் பிறை, சந்திரப் பிறை, மாட்டல், அட்டிகை. செம்பின் மேல் தங்க முலாம், சிவப்பு கெம்புக் கல். கிண்ணத்தில் ஊற்றி அதில் போட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனேன். பத்து நிமிஷம் இருக்கும். வந்து பார்த்தால் ஓரமெல்லாம் செம்பு இளித்துக்கொண்டிருந்தது, சில கற்கள் காய்ந்த ரத்தம் மாதிரி மங்கிவிட்டன. கெம்புக்குப் பின்னால் மினுக்குவதற்கு ஒரு தகடு வைத்திருப்பார்கள், ஈரம் உள்ளே இறங்கினால் அது கெட்டு, கல் செத்துப்போகும். எவர்சில்வர் கிண்ணத்திலும் தடம் விழுந்திருந்தது. அந்தக் கிண்ணம் இப்போது நாய்க்கு.

முலாம் என்றால் எவ்வளவு மெல்லியது என்று தெரிந்திருந்தால் நான் முக்கியிருக்க மாட்டேன். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்கு போட்டால் ஒரு பங்கு ஒரு மைக்ரான். நம் தலைமுடி ஒன்றே சுமார் 70 மைக்ரான் தடிமன். கடையில் வாங்குகிற முலாம் நகையில் பெரும்பாலும் ஒரு மைக்ரான்கூடத் தங்கம் இருக்காது, 2.5 மைக்ரான் இருந்தாலே கனமான முலாம் என்பார்கள். அந்தப் படலத்தில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. அமிலம் அதன் வழியாக இறங்கி அடியில் இருக்கிற செம்பைத் தின்றுவிடும், மேலே இருப்பது பிடிப்பில்லாமல் போய்விடும். 'ஒரு கிராம் கோல்டு' என்ற பெயரும் அப்படியே. நிஜமாகவே ஒரு கிராம் தங்கம் இருந்தால் அந்த விலைக்கு யார் தருவார்கள்?

சரி, இதுவரை பாதித் தப்பு என்னுடையது. இரண்டாவது ஏமாற்று கடையில். எந்தக் கடை என்று சொல்லப்போவதில்லை, ஊருக்குள் பாலிஷ் போடும் கடைகளில் ஒன்று. கவுன்டரில் இருந்த பையன் பார்த்துவிட்டு, "இது சாதாரண விஷயம்மா. காப்புக்கு மெஷின் பாலிஷ் 300, செட்டுக்குத் தங்கக் கோட்டிங் 1,100, நாலு நாள்ல புதுசா வாங்கிக்கலாம்" என்றான். ஒரு துண்டுத் தாளில் 'காப்பு 1, செட் 1' என்று கிறுக்கிக் கொடுத்தான். எடை போடவில்லை. நானும் கேட்கவில்லை. மேடைக்கு நாள் நெருங்கிவிட்ட பதற்றத்தில் தலையாட்டிவிட்டு வந்தேன்.

நாலாம் நாள் காப்பு கண்ணாடி மாதிரி மின்னியது. கொடியின் நரம்புகள் தேய்ந்து வழவழவென்றாகிவிட்டன. உள்பக்கம் பார்த்தேன். முதல் எழுத்து இருக்கிறது, இரண்டாவது பாதி இருக்கிறது, மூன்றாவது இல்லை. "பேர் எங்கேப்பா?" என்றேன். "பாலிஷ்ல தேய்மானம் வரத்தான் செய்யும்மா" என்றான், சோறு வெந்தால் குழையும் என்கிற மாதிரி.

வீட்டுக்கு வந்து பாட்டியின் தகரப்பெட்டியைத் துழாவினேன். அந்தக் காப்பைப் பாட்டி ஒருமுறை அடகு வைத்து மீட்டவர், சீட்டைப் பத்திரமாக வைத்திருந்தார். அதில் 42 கிராம் 300 மில்லி. இப்போது போட்டால் 40 கிராம் 100. இந்த 2 கிராம் 200 மில்லியும் கடையில்தான் போனது என்று நான் சொல்ல மாட்டேன். மீட்ட பிறகு பாட்டி இருபது வருஷம் அதைப் போட்டுக்கொண்டு மாடு கறந்திருக்கிறார், களை வெட்டியிருக்கிறார். அந்தத் தேய்மானம் எவ்வளவு, மெஷின் தேய்த்தது எவ்வளவு என்று என்னால் பிரிக்க முடியாது. கொடுக்கும்போது எடை போட்டிருந்தால் முடிந்திருக்கும்.

டான்ஸ் செட் மேடையில் நன்றாகத்தான் இருந்தது. மூன்றாவது வாரம் அட்டிகை கழுத்தில் பிசுபிசுவென்று ஒட்டியது. நகத்தால் சுரண்டினால் மஞ்சளாக ஏடு மாதிரி உரிந்தது. கிருஷ்ணகிரியில் என் அம்மா வீடு. பழையபேட்டைப் பக்கம் அம்மாவுக்குப் பழக்கமான ஆசாரி ஒருவர் இருக்கிறார், அவரிடம் கொண்டுபோனேன். அவர் பஞ்சில் தின்னர் தொட்டு ஒரு துடை துடைத்தார். பஞ்சு மஞ்சள், நகை செம்பு. "தங்கம் தின்னர்ல வராதும்மா. இது கலர் லாக்கர், பெயின்ட்டுன்னு வெச்சுக்கோ" என்றார். 1,100 ரூபாய்க்குப் பெயின்ட்.

காப்பைப் பற்றி அவர் சொன்னது எனக்கு நன்றாக மனதில் நின்றது. பெயர் வெட்டுவது என்றால் உளி அந்த இடத்து வெள்ளியைச் சீவி எடுத்துவிடுகிறது. எழுத்து என்று நாம் பார்ப்பது அந்தப் பள்ளத்தைத்தான். பாலிஷ் போடும் பஃப் மெஷின், எழுத்தைச் சுற்றியிருக்கிற மேட்டைத் தேய்த்துத் தேய்த்துப் பள்ளத்தின் மட்டத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் எழுத்து எங்கே நிற்கும்? வெட்டு வேலை உள்ள சாமானை மெஷினில் கொடுக்கவே கூடாது, கொடுத்தாலும் வெட்டு இருக்கும் இடத்தை விட்டுவிடச் சொல்லி எழுதி வாங்க வேண்டும் என்றார். "மறுபடி வெட்டித் தரட்டுமா?" என்று கேட்டார். வெட்டினால் அது அவர் கையெழுத்தாகத்தானே இருக்கும். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கொடியின் பள்ளத்தில் மட்டும் லேசாகக் கறுப்பு ஏற்றித் தந்தார், அதற்குக் காசு வாங்கவில்லை.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்தேன். பொறுமையாகக் கேட்டார்கள். முதல் கேள்வியே பில் இருக்கிறதா என்பதுதான். அந்தத் துண்டுத் தாளில் கடைப் பெயர்கூட இல்லை. லாக்கர் உரிந்த போட்டோவையும் ஆசாரியின் பஞ்சையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போய், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன் என்று சத்தம் போட்டதில் 500 ரூபாய் திரும்பி வந்தது. மற்ற வாடிக்கையாளர்கள் கேட்கிற மாதிரி சத்தம் போட்டதுதான் வேலை செய்தது என்று நினைக்கிறேன்.

இப்போது வீட்டில் நானே செய்வது இவ்வளவுதான். முலாம் போட்டதைக் கழற்றியதும் பழைய பருத்தி வேட்டித் துணியால் வியர்வையைத் துடைத்துவிடுகிறேன், பாதி வேலை அதிலேயே முடிந்துவிடுகிறது. ரொம்ப மங்கினால் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டு ஷாம்பு, அதில் துணியை நனைத்துப் பிழிந்து ஒற்றி எடுப்பேன், ஊற வைப்பது கிடையாது. கெம்பு வைத்ததற்கு அந்த ஈரமும் ஆகாது, உலர்ந்த மெல்லிய பிரஷ் போதும். பல்பொடி, திருநீறு, பாத்திரம் தேய்க்கிற பொடி மூன்றும் சுரண்டும், புளியும் எலுமிச்சையும் அமிலம். கெட்டித் தங்கத்துக்குப் பூந்திக்கொட்டை தாராளமாகப் போடலாம், காலங்காலமாகப் போடுவதுதான். அலுமினியத் தாளும் சமையல் சோடாவும் வெந்நீரும் வைத்துச் செய்கிற முறை வெறும் வெள்ளிக்கு நல்லது. ஆனால் அதுவும் கறுப்பை எடுத்துவிடும் என்பதால் வெட்டு வேலைக்கு ஆகாது. காப்பை மேல்மட்டத்தில் மட்டும் துணியால் துடைக்கிறேன், பள்ளத்தைத் தொடுவதில்லை.

நம் மாவட்டத்தில் இன்னொரு தொல்லை, போர் தண்ணீர். அதில் அலசிக் காயவிட்டால் வெட்டின பள்ளத்தில் வெள்ளை வெள்ளையாக உப்புப் படியும். கடைசி அலசலைக் குழாயில் வருகிற ஒகேனக்கல் குடிதண்ணீரில் வைத்துக்கொண்டு உடனே துடைத்துவிடுங்கள். ரப்பர் பேண்டு சுற்றி வைக்காதீர்கள், அதில் இருக்கிற கந்தகமே வெள்ளியைக் கறுக்கச் செய்யும். ஜிப் கவரில் ஒவ்வொன்றாகப் போட்டு, ஈரம் உறிஞ்ச ஒரு சாக்பீஸ் துண்டு.

வாசலுக்கே வந்து தங்கத்தைப் பளபளப்பாக்கித் தருகிறேன் என்பவர்களைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். நைட்ரிக் அமிலம் ஒரு பங்கு, ஹைட்ரோகுளோரிக் அமிலம் மூன்று பங்கு சேர்ந்த ராஜ திராவகத்தில் தங்கமே கரைந்து அவர்கள் கிண்ணத்தில் தங்கிவிடும். நாம் எல்லோரும் அதற்குத்தான் உஷாராக இருக்கிறோம். கவரிங்குக்கும் வெள்ளிக்கும் யார் பயப்படுகிறார்கள்?

போன ஞாயிற்றுக்கிழமை அந்த மேசையைத் திரும்பப் பார்த்தேன், அதே சிவப்புத் துணி. பக்கத்தில் நின்ற ஒரு பெண் கையில் 150 ரூபாய் தயாராக இருந்தது. கையோடு கொண்டுபோயிருந்த உரிந்த நெற்றிச்சுட்டியை மேசையில் வைத்து, "இது உங்க பாட்டில்ல போட்டது" என்றேன். அவர் எடுத்துப் புரட்டிப் பார்த்தார். முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. "கவரிங்குக்கு வேற பாட்டில் இருக்குக்கா, 250 ரூபாய்" என்றார்.