பழைய லென்ஸ் ஆசை: எந்த மவுண்ட்டில் இறங்குவது?

பழைய லென்ஸ் ஆசை வந்தவர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் "ஹீலியோஸா, டக்குமாரா?" என்றுதான். ஹீலியோஸ் சோவியத் லென்ஸ், டக்குமார் பென்டாக்ஸின் லென்ஸ். எதை வாங்கினாலும் சரி, இரண்டும் எம்42 என்ற ஒரே மரையில் ஏறுபவை. பிடிக்கவில்லை என்றால் கழற்றிவிட்டு அடுத்ததைத் திருகிக்கொள்ளலாம். மண்டையைக் குடைய வேண்டிய கேள்வி எந்த மவுண்ட், அதாவது லென்ஸ் கேமராவில் மாட்டும் வாய் எது என்பது. அதில் ஒருமுறை இறங்கிவிட்டால் அடாப்டர், பின்மூடி, அடுத்து கண்ணில் படும் லென்ஸ் எல்லாம் அதன் பின்னாலேயே வரும்.

கணக்கு எளிது. லென்ஸ் உட்காரும் முகப்பிலிருந்து ஃபிலிம் அல்லது சென்சார் வரை உள்ள தூரம் ஒவ்வொரு மவுண்ட்டுக்கும் நிலையானது. எம்42-க்கு 45.46 மி.மீ., கேனன் எஃப்டிக்கு 42, மினோல்டாவின் எம்சி, எம்டி லென்ஸ்களுக்கு 43.5, ஒலிம்பஸ் ஓஎம்முக்கு 46, நிக்கான் எஃப்புக்கு 46.5. கேமராவின் தூரம் இதைவிடக் குறைவாக இருந்தால், மிச்ச இடைவெளியை ஒரு வெற்றுக் குழாயால் நிரப்பிவிடலாம். அடாப்டர் என்பது அவ்வளவுதான். சோனி இ மவுண்ட் 18 மி.மீ., நிக்கான் இசட் 16, கேனன் ஆர்எஃப் 20. ஆகவே இவற்றைப் போல உள்ளே ஆடி இல்லாத மிரர்லெஸ் கேமரா வைத்திருப்பவருக்கு மேலே சொன்ன ஐந்துமே ஏறும்.

உள்ளே ஆடி உள்ள டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவருக்குத்தான் சிக்கல். கேனன் ஈஎஃப் தூரம் 44 மி.மீ. என்பதால் அதில் எம்42, ஓஎம், நிக்கான் எஃப் மூன்றும் போடலாம். கேனனின் சொந்த எஃப்டியைப் போட முடியாது. சொந்த வீட்டிலேயே இடமில்லாமல் போன கதை. நிக்கான் டிஎஸ்எல்ஆரில் எம்42 போட்டால் சென்சார் ஒரு மில்லிமீட்டர் தள்ளிப் போய்விடும், தொலைவில் இருப்பது எதுவும் கூர்மையாக விழாது. அதைச் சரிசெய்ய அடாப்டருக்குள் ஒரு சின்ன வில்லை வைத்து விற்கிறார்கள். லென்ஸின் தரத்தை அந்த வில்லை தின்றுவிடும். அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

சரி, எம்42. 42 மி.மீ. விட்டத்தில் வெறும் மரை. 1949-ல் டிரெஸ்டனிலிருந்து வந்த கான்டாக்ஸ் எஸ் கேமராவில் இருந்தது. அப்புறம் பிராக்டிகா, பென்டாக்ஸ், சோவியத் செனிட் என்று ஆளாளுக்கு எடுத்துக்கொண்டார்கள். பென்டாக்ஸ் 1975-ல்தான் கே மவுண்ட்டுக்கு மாறியது. இத்தனை நாடுகளின் கண்ணாடி ஒரே அடாப்டரில் ஏறுவது தனிச் சுகம். ஹீலியோஸ் 44-2 (58 மி.மீ., எஃப்/2) ஜெர்மன் நிறுவனமான ஜெய்ஸின் பயோட்டார் லென்ஸ் வடிவத்தைப் பின்பற்றியது. வெளிச்சம் நுழையும் துளையை முழுக்கத் திறந்தால் பின்னணி இலைகளைச் சுழற்றிக் காட்டும் அந்தப் புகழ்பெற்ற குறும்புக்குத்தான் எல்லோரும் அதை வாங்குகிறார்கள். அதே 44-2-இல் துளைக்கு இரண்டு வளையங்கள் உண்டு. ஒன்றில் எஃப்/8 போன்ற துளை எண்ணை வைத்துக்கொண்டு, மற்றொன்றைச் சொடுக்குச் சத்தமே இல்லாமல் திறந்து மூடலாம். வீடியோ எடுப்பவர்களுக்கு இது வரம்.

டக்குமார் 50 மி.மீ. எஃப்/1.4 வேறு ரகம். சுழற்றல் கிழற்றல் இல்லை, ஆனால் பிடித்துத் திருப்பினாலே அந்தக் காலத்து வேலைப்பாடு கையில் தெரியும். ஏழு வில்லை கொண்ட வகையில் தோரியம் கலந்த கண்ணாடி உண்டு. வருடங்கள் போகப் போக அது தேநீர் நிறத்துக்குப் பழுத்துவிடும். புற ஊதா விளக்கின் கீழ் சில நாட்கள், சில சமயம் சில வாரங்கள் வைத்தால் தெளிந்துவிடும். மஞ்சளைப் பார்த்துப் பயந்து ஒதுக்க வேண்டாம். பூஞ்சை படர்ந்ததை மட்டும் ஒதுக்குங்கள்.

எம்42-இல் ஒரு பொறி இருக்கிறது. பின்பக்கம் துருத்தி நிற்கும் சின்ன ஊசி உள்ளே அமுங்கினால்தான் பல லென்ஸ்களில் துளை சுருங்கும். டக்குமாரில் ஆட்டோ, மேனுவல் என்று மாற்றும் சுவிட்ச் இருப்பதால் கவலையில்லை. பின்னாளைய ஹீலியோஸ்கள் சிலவற்றில் அந்தச் சுவிட்ச் கிடையாது. அடாப்டரின் உள்விளிம்பில் ஊசியை அமுக்கும் உதடு இல்லையென்றால் எஃப்/8 என்று நீங்கள் வைத்திருப்பீர்கள், லென்ஸ் எஃப்/2-விலேயே நிற்கும். மரை என்பதால் சில லென்ஸ்களில் எண்கள் நேர் மேலே வராமல் கொஞ்சம் சாய்ந்து நிற்பதும் உண்டு. அது கண்ணுக்கு உறுத்தல், படத்துக்கு ஒன்றுமில்லை.

எஃப்டியும் மினோல்டாவும் ஒரே விதி வாய்ந்த அனாதைகள். மினோல்டா 1985-லும் கேனன் 1987-லும் ஆட்டோஃபோகஸுக்காகப் பழைய மவுண்ட்டைக் கைவிட்டன. மிரர்லெஸ் வரும்வரை இவற்றை டிஜிட்டலில் ஒழுங்காகப் போட வழியில்லை. இரண்டில் எது என்றால் தயங்காமல் மினோல்டா என்பேன். எஃப்டி கண்ணாடி எந்த வகையிலும் தாழ்ந்ததல்ல. தொல்லை மாட்டுவதில்தான். கேமராவில் உட்காராதவரை எஃப்டியின் துளை நீங்கள் சொன்னபடி கேட்காது. அதனால் அதன் அடாப்டரில் திறக்க, பூட்ட என்று தனியாக ஒரு வளையம் இருக்கும். அதைத் தப்பான பக்கம் வைத்து மாட்டிவிட்டு, லென்ஸ் கெட்டுவிட்டது என்று நினைத்தவர்களில் நானும் ஒருவன். மினோல்டாவின் ரொக்கர் லென்ஸ்களில் இந்த வித்தை எதுவும் கிடையாது. மாட்டு, திருப்பு, எடு. லைக்காவே எழுபதுகளில் மினோல்டாவோடு கூட்டுச் சேர்ந்து, 24 மி.மீ. எல்மரிட்-ஆர் லென்ஸுக்கு மினோல்டாவின் வடிவமைப்பைத்தான் எடுத்துக்கொண்டது.

நிக்கான் எஃப் 1959-இலிருந்து தொடர்கிறது. டிஎஸ்எல்ஆர், மிரர்லெஸ் இரண்டும் வைத்திருப்பவருக்கு இதுதான் பாதுகாப்பான தேர்வு. 1977-இல் ஏஐ என்ற வகை வருவதற்கு முந்தைய லென்ஸைச் சில நிக்கான் கேமராக்களில் நேராக மாட்டினால் வெளிச்சம் அளக்கும் மீட்டருக்கான சின்னக் கொக்கி உடையும். அடாப்டரில் அந்தப் பயமில்லை. நிக்கானின் ஃபோகஸ் ரிங் கேனனுக்கு நேரெதிராகச் சுற்றும். இரண்டையும் கலந்து வைத்திருந்தால் முக்கியமான நொடியில் கை குழம்பும். ஒலிம்பஸ் ஓஎம்மைச் சிறியதாக, எடை குறைவாக வேண்டும் என்பவர் பார்க்கலாம். துளை வளையம் முன்பக்கம் இருப்பது பழக வேண்டிய விஷயம்.

அடாப்டரிலும் போட்டி உண்டு. வெற்றுக் குழாய்தானே, எதுவானால் என்ன என்று நானும் நினைத்திருந்தேன். 28 மி.மீ. லென்ஸோடு ஒரு மலிவுக் குழாயை மாட்டி மலைக்காட்சி எடுத்தேன். அத்தனை படமும் மங்கல். காரணம் தடிமன். குழாய் 0.1 மி.மீ. கூடினாலே, 50 மி.மீ. லென்ஸின் ஃபோகஸ் சுமார் 25 மீட்டருக்கு அப்பால் போகாது, 28 மி.மீ. லென்ஸுக்கு அது எட்டு மீட்டரைக்கூடத் தொடாது. தயாரிப்பாளர்கள் பலர் வேண்டுமென்றே ஒரு முடி அளவு மெலிதாகச் செய்வது இதனால்தான். அப்போது எல்லையில்லாத் தொலைவைக் காட்டும் இன்ஃபினிட்டி குறியைத் தாண்டியும் வளையம் சுற்றும். தூரத்தைக் கண்ணால் பார்த்துச் சரிசெய்பவருக்கு அது பெரிய குறையில்லை.

ஆட்டோஃபோகஸ் அடாப்டர்கள் பழைய லென்ஸை முழுசாகவே முன்னும் பின்னும் நகர்த்துபவை. டெக்கார்ட்டின் எல்எம்-இஏ7 நகர்த்துவது 4.5 மி.மீ. மட்டும். 50 மி.மீ. லென்ஸுக்கு அது தாராளம், முக்கால் மீட்டருக்கும் அருகே வரும். 135 மி.மீ. லென்ஸில் நாலு மீட்டருக்கு உள்ளே வராது. கையால் கொஞ்சம் திருப்பிக் கொடுத்தால் மீதியை அது பார்த்துக்கொள்ளும். வேடிக்கையான பொருள்தான், ஆனால் கையால் ஃபோகஸ் செய்யும் சுகத்துக்காகப் பழைய லென்ஸ் வாங்கிவிட்டு மோட்டாரைத் தேடுவது எனக்கு ஒட்டவில்லை. வியூஃபைண்டரில் பெரிதாக்கிப் பார்த்தால் போதும். ஓரங்களில் வண்ணக் கோடு காட்டும் பீக்கிங்கை எஃப்/1.4-இல் நம்பாதீர்கள், அது தாராளமாகப் பொய் சொல்லும்.

ஃபிலிமைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சார் வைத்திருப்பவருக்கு மட்டும் நான் குழாயை விட்டு வேறொன்றைச் சொல்வேன். சிறிய சென்சார் படத்தின் ஓரங்களை வெட்டிவிடுவதால், ஹீலியோஸின் சுழற்றல் முக்கால்வாசி காணாமல் போகும். எதற்காக வாங்கினோமோ அதுவே இல்லை. 2013-இல் மெட்டாபோன்ஸ் கொண்டுவந்த ஸ்பீட் பூஸ்டர் போன்ற குறைப்பான்கள் படத்தை 0.71 மடங்காகச் சுருக்கி, வெட்டுப்படும் ஓரத்தை உள்ளே இழுத்துக்கொடுக்கும். 58 மி.மீ. எஃப்/2 என்பது 41 மி.மீ. எஃப்/1.4 ஆகும், சுழற்றலும் திரும்பி வரும். மலிவான குறைப்பான்களில் துளையைச் சுருக்கி வெளிச்சத்தை நோக்கி எடுத்தால் படத்தின் நடுவில் நீலப் புள்ளி விழும், ஓரமும் கொஞ்சம் கரையும். ஹீலியோஸில் ஓரம் கரைவதை யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை.