மஞ்சள் பையும் 25 நிமிடமும்: ஒரு டைமரோடு மூன்று வருடம்

கோத்தகிரியில் வீட்டிலிருந்தபடியே சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதி, ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டுக் கொடுப்பது என் வேலை. மளிகை, ஹார்டுவேர், சாக்லேட், தைலக் கடை என்று மாதாமாதம் ரிட்டர்ன் போடுகிறவர்கள் இப்போது 19 பேர். மாதம் பிறந்ததும் ஆளுக்கொரு மஞ்சள் பையில் பில்களைக் கொண்டுவந்து முன்அறை பெஞ்சில் வைத்துவிட்டுப் போவார்கள். விற்பனைக் கணக்கை 11ஆம் தேதிக்குள் ஏற்ற வேண்டும். 20ஆம் தேதிக்குள் வரியைக் கட்டி 3பி என்ற மாதச் சுருக்கக் கணக்கைப் போட வேண்டும். தவறினால் நாளுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், வியாபாரமே இல்லாத மாதமென்றால் நாளுக்கு 20 ரூபாய். நிலுவை வரிக்கு வருடத்துக்கு 18 சதவீத வட்டி வேறு.

தேதி இவ்வளவு கறாராக இருந்தும் நான் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். 3ஆம் தேதி வந்த பை 9ஆம் தேதி வரை முடிச்சு அவிழாமல் கிடக்கும். அந்த வாரம் முழுக்க ஓயாமல் ஏதாவது செய்துகொண்டுதான் இருப்பேன். அலமாரி அடுக்குவேன், ஸ்வெட்டர்களை வெயிலில் போடுவேன், கேரட் மலிவாக வந்தால் அல்வா கிளறுவேன். 10ஆம் தேதி இரவு விடிய விடிய உட்காருவேன்.

ஓர் ஐப்பசி மழையில் இரண்டு நாள் கரன்ட் இல்லை. நான்கு கடைகளின் கணக்கு தவறிப்போனது. தாமதக் கட்டணத்தை நான்தான் கட்டினேன். மளிகைக்கடை அண்ணாச்சி கோபப்படவில்லை. "ஏம்மா, பையை நான் மூணாம் தேதியே கொடுத்துட்டேனே?" என்று மட்டும் கேட்டார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அப்புறம்தான் இந்த முறையைத் தொடங்கினேன். பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலியர் 1980களின் பிற்பகுதியில், மாணவராக இருந்த காலத்தில், தக்காளி வடிவச் சமையலறை டைமர் ஒன்றை வைத்துப் படிக்கப் பழகியதில் உருவானது இது. இத்தாலிய மொழியில் தக்காளிக்கு பொமடோரோ என்று பெயர், முறைக்கும் அதே பெயர் நின்றுவிட்டது. 25 நிமிடம் ஒரே வேலை, 5 நிமிடம் ஓய்வு. நான்கு சுற்று முடிந்ததும் கால் மணி முதல் அரை மணி வரை நீண்ட ஓய்வு. அவ்வளவுதான்.

முதல் இரண்டு மாதம் போனில் ஒரு ஆப் போட்டுப் பார்த்தேன். எனக்கு அது உதவவில்லை. கடைக்காரர்களிடம் ஓடிபி கேட்கும் போனும் அதுதான், வாட்ஸ்அப்பும் அதில்தான். மணி பார்க்கக் கையில் எடுத்தால் பத்து நிமிடம் போய்விடும். பிறகு மேட்டுப்பாளையம் போனபோது பாத்திரக் கடையில் கையால் திருகிவிடுகிற டைமர் ஒன்று வாங்கினேன். போன் அடுப்படிக்குப் போனது. நீங்களும் தொடங்குவதாக இருந்தால், ஆப் பக்கம் போகாமல் நேராகத் திருகும் டைமரே வாங்குங்கள்.

இந்த மூன்று வருடத்தில் எனக்கு மிகப் பெரிய உதவியாக இருந்தது முதல் சுற்றுக்கு நான் வைத்துக்கொண்ட ஒரு கட்டுப்பாடு. அந்த 25 நிமிடத்தில் கம்ப்யூட்டரைத் தொடவே கூடாது. பையை அவிழ்க்க வேண்டும், பில்களைத் தேதிவாரியாக அடுக்கி கிளிப் போட வேண்டும். கணக்கு எதுவும் போட வேண்டியதில்லை. இதைச் செய்யத் தொடங்கிய பிறகுதான் நான் எதைப் பார்த்து ஒதுங்கினேன் என்பதே எனக்குப் புரிந்தது. பைக்குள் என்ன இருக்குமோ என்ற பயம் அது. எந்தப் பில் காணாமல் போயிருக்குமோ, எந்தப் பில்லில் ஜிஎஸ்டி எண் விட்டுப்போயிருக்குமோ, போன மாதம் நான் செய்த தவறு ஏதாவது இதில் தலைகாட்டுமோ என்று மனசு அடித்துக்கொள்ளும். ஃப்யூஷியா சிரோயிஸ், டிம் பிச்சில் என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் 2013இல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். ஒரு வேலையை நினைத்ததும் மனசுக்கு ஏற்படும் சங்கடத்திலிருந்து அந்த நேரத்துக்குத் தப்பிக்கத்தான் தள்ளிப்போடுகிறோம் என்பது அவர்கள் சொல்வதன் சாரம். என்னைச் சோம்பேறி என்று நானே திட்டிக்கொண்ட வருடங்களை நினைத்தால் இப்போது வருத்தமாக இருக்கிறது. பையை அவிழ்த்துவிட்டால் பாதிப் பயம் போய்விடுகிறது, மீதி வெறும் வேலைதான்.

எல்லா வேலைக்கும் 25 நிமிடம் சரிவராது. சரக்கு அனுப்பியவர்கள் காட்டிய பில்கள் 2பி பட்டியலாக 14ஆம் தேதி போர்ட்டலில் வரும். அதையும் பையில் உள்ள பில்களையும் ஒவ்வொன்றாக ஒத்துப் பார்க்கும்போது நடுவில் மணி அடித்தால் எங்கே விட்டோம் என்று தேடவே நேரம் போகும். அதற்கு 50 நிமிடம், 10 நிமிடம் என்று மாற்றிக்கொண்டேன். மார்கழி, தை உறைபனிக் காலையில் விரல் விறைத்துப்போய்க் கீபோர்டில் ஓடாது. அப்போது கணப்பில் கை காய்ச்சிக்கொண்டு, பில் அடுக்கும் சுற்றை மட்டும் காலையில் வைத்து, கம்ப்யூட்டர் வேலையை வெயில் ஏறிய பிறகு வைக்கிறேன்.

மே மாதத்தில் டைமரால் ஒன்றும் செய்ய முடியாது. நேரு பூங்காவில் காய்கறிக் கண்காட்சி, ஊரெல்லாம் வண்டி, கடைகளில் நிற்க இடமிருக்காது. பில்லே 8ஆம் தேதிதான் வரும். இதற்குப் பேசித்தான் வழி கண்டேன். மாதத்தின் முதல் பாதிப் பில்களை 16ஆம் தேதியே நான் நேரில் போய் வாங்கிக்கொள்கிறேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். இரண்டு பேர் முணுமுணுத்தார்கள், மற்றவர்கள் சரி என்றார்கள். உண்மையைச் சொன்னால் டைமரைவிட இந்த ஏற்பாடுதான் என் 10ஆம் தேதி இரவைத் திருப்பிக் கொடுத்தது.

டைமரோடு ஒரு 80 பக்க நோட்டும் உண்டு. எந்தக் கடைக்கு எத்தனை சுற்று ஆகும் என்று முன்கூட்டி எழுதுவேன், முடிந்ததும் உண்மையில் ஆனதைப் பக்கத்தில் எழுதுவேன். ஹார்டுவேர் கடைக்கு இரண்டு என்று எழுதியது ஐந்தானது. அடுத்த மாதமும் இரண்டு என்றே எழுதினேன், மறுபடி ஐந்து. ஆகும் நேரத்தை மனிதர்கள் குறைத்தே மதிப்பிடுகிறார்கள் என்று கானமன், ட்வெர்ஸ்கி என்ற உளவியலாளர்கள் இருவரும் 1979இலேயே சொல்லிவிட்டார்கள். என் கையெழுத்திலேயே ஆறு மாதம் பார்த்த பிறகுதான் எனக்கு அது உறைத்தது. அப்போது 23 கடைகள். கூட்டிப் பார்த்தால் அந்த நாட்களுக்குள் அடங்காது. நான்கு பேரை வேறு கணக்கரிடம் அனுப்பினேன். வருமானம் குறையுமே என்று வீட்டில் அவருக்குக் கவலை, எனக்கும்தான். குறையத்தான் செய்தது. அது சரியான முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன்.

பொருளைப் பற்றியும் சொல்லவேண்டும். முதல் டைமரின் ஸ்பிரிங் 14 மாதத்தில் தளர்ந்தது. 25இல் வைத்தால் 21இலேயே அடித்துவிடும். இப்போது இருப்பது இரண்டாவது. டிக் டிக் சத்தம் மாமியாரின் மத்தியானத் தூக்கத்தைக் கெடுத்ததால் மடித்த கம்பளிச் சால்வைமேல் வைக்கிறேன்.

இந்த மூன்று வருடத்தில் தாமதக் கட்டணம் கட்டியது ஒரே தடவை, மாமியார் ஆஸ்பத்திரியில் இருந்த மாதம். ஆனால் என் சொந்த வருமான வரிக் கணக்கை மட்டும் இன்னும் கெடுவுக்கு முந்தின நாள்தான் போடுகிறேன். அடுத்தவர் காகிதம் பெஞ்சில் கண்முன்னே இருக்கிறது, என் காகிதங்கள் பீரோவில் நாலு இடத்தில் இருக்கின்றன. போன வாரம் எனக்கென்று ஒரு மஞ்சள் பை எடுத்து, அவற்றையெல்லாம் அதில் போட்டு, அண்ணாச்சியின் பைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.