ஃபோர்டு 8என் டிராக்டரின் டிஸ்ட்ரிபியூட்டர்: எட்டு ஆண்டு அனுபவம்

எட்டு ஆண்டுகளாக நான் ஓட்டிவரும் ஃபோர்டு 8என், 1951ஆம் ஆண்டு வண்டி. 1947 முதல் 1952 வரை தயாரான இந்த மாடலில், 1950ஆம் ஆண்டு 263844 என்ற வரிசை எண்ணிலிருந்து, ஒவ்வொரு சிலிண்டருக்கும் முறைப்படி தீப்பொறியைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் எஞ்சினின் முகப்பை விட்டுப் பக்கவாட்டுக்கு இடம்மாறியது. முகப்பு வகையில் பாயிண்ட் (திறக்கும்போது தீப்பொறியை எழுப்பும் தொடுமுனைகள்) இடைவெளி 0.015 அங்குலம், பக்கவாட்டு வகையில் 0.025 அங்குலம். வண்டியை எனக்கு விற்றவர் பழைய அளவையே இதிலும் வைத்திருந்தார். ஸ்டார்ட் ஆவதற்கே அரை நாள் ஆன அந்த வண்டி, இடைவெளியைத் திருத்தியதும் இரண்டாவது முயற்சியிலேயே உறுமியது.

இதுவரை மூன்று செட் பாயிண்ட், இரண்டு கண்டென்சர் (பாயிண்ட் கருகாமல் காப்பது), ஒரு கேப் (டிஸ்ட்ரிபியூட்டரின் மூடி), ஒரு ரோட்டார் (அதனுள் சுழல்வது) மாற்றியிருக்கிறேன். கேப்பும் ரோட்டாரும் தொல்லை தந்ததே இல்லை. ஈரம் கோத்த காலைகளில் கேப்பின் உட்புறத்தை உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். பாயிண்ட் விஷயம் அப்படியன்று. இரண்டாவதாக வாங்கிப் போட்ட செட்டில், பாயிண்டைத் தள்ளித் திறக்கும் மேடுகள் கொண்ட கேமை உரசிக்கொண்டிருக்கும் ஃபைபர் கட்டை மிகவும் மென்மையாக இருந்திருக்க வேண்டும்; ஏறக்குறைய நாற்பது மணி நேர ஓட்டத்துக்குள் இடைவெளி 0.017 அங்குலமாகச் சுருங்கிவிட்டது. இடைவெளி சுருங்கினால் பாயிண்ட் திறப்பது தாமதமாகும், தீப்பொறியும் அந்த அளவுக்குப் பிந்தும். உழவின்போது இழுவை குறைந்ததையும் எக்ஸாஸ்ட் வழக்கத்தைவிட அதிகமாகக் கொதித்ததையும் கண்டு, கார்புரேட்டரைத்தான் சந்தேகித்து இரண்டு நாள் வீணாக்கினேன். டிஸ்ட்ரிபியூட்டரை யாரும் தொடாமலே டைமிங் (தீப்பொறி எழும் நேரம்) நகரக்கூடும் என்பது அப்போது என் மனத்தில் தோன்றவில்லை.

அதைவிட நுட்பமான கோளாறு நான்காம் ஆண்டில் வந்தது. வெறும் ஓட்டத்தில் எஞ்சின் சீராக ஓடாமல் நொண்டியது. தீப்பொறிக்கேற்ப மின்னும் டைமிங் லைட்டில் பார்த்தால் ஃபிளைவீல் சக்கரத்தின் குறி ஓரிடத்தில் நிற்காமல் முன்னும் பின்னும் ஆடியது. எஞ்சினைக் கையால் சுழற்றி, கேமின் நான்கு மேடுகளிலும் இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜை நுழைத்துப் பார்த்தேன். ஒரு மேட்டில் 0.025 இருந்தது, அதற்கு நேர் எதிர் மேட்டில் 0.019தான். கேமின் ஷாஃப்டை இரு விரலால் பற்றி அசைத்தபோது பாயிண்ட் தானாக மூடித் திறப்பது கண்ணுக்கே தெரிந்தது. ஷாஃப்டைத் தாங்கும் புஷ் தேய்ந்திருந்தது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒவ்வொரு நேரத்தில் தீப்பொறி போய்க்கொண்டிருந்தால், எந்த ஒரு டைமிங்கை வைத்து அதைச் சரிசெய்வது? புதிய புஷ் அடித்து, துளையை ஷாஃப்டுக்கேற்ப ரீமர் போட்ட பிறகே நான்கு மேடுகளின் அளவும் ஒன்றானது. பழைய எஞ்சின் வைத்திருப்பவர்கள் புதிய பாயிண்ட் வாங்குவதற்கு முன் இந்த அசைவைச் சோதிப்பது நல்லது. என்னைப் போல ஒரு செட்டைப் பாழாக்கிவிட்டுச் சோதிக்க வேண்டியதில்லை.

டைமிங் வைக்கும் முறையில் வரிசை முக்கியம். முதலில் இடைவெளி, பிறகுதான் டைமிங். மாற்றிச் செய்தால், இடைவெளியைத் தொட்ட கணமே வைத்த டைமிங் கலைந்துவிடும். முதல் சிலிண்டரின் அழுத்த வீச்சில், ஃபிளைவீலில் பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு 4 பாகை முந்திய குறி வரும்வரை எஞ்சினைக் கையால் சுழற்றுவேன். தீப்பொறிக்கான உயர் மின்னழுத்தம் தரும் காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு வரும் முனைக்கும் எர்த்துக்கும் நடுவே ஒரு 6 வோல்ட் பல்பை இணைத்து, கிளாம்பைத் தளர்த்தி டிஸ்ட்ரிபியூட்டர் உடலை மெல்லத் திருப்பினால், பாயிண்ட் திறக்கும் அதே நொடியில் பல்பு எரியும். அங்கேயே இறுக்கிவிட வேண்டியதுதான். சாவியை நீண்ட நேரம் ஆனில் விட்டுவிட்டால் காயில் சூடாகும் என்பதால் இதைச் சட்டென்று முடித்துவிடுவேன். பிறகு எஞ்சினை ஓட்டி லைட்டில் பார்க்கும்போது, வேகம் ஏற ஏறக் குறி விலகிப் போக வேண்டும். ஒரு முறை அது விலகவே இல்லை. வேகம் ஏறும்போது தீப்பொறியை முந்தச்செய்ய உள்ளே இருந்த அட்வான்ஸ் எடைகள் பல ஆண்டுப் பழைய கிரீஸில் ஒட்டிப்போய் அசையாமல் கிடந்தன.

பாயிண்டை நீக்கிவிட்டு எலெக்ட்ரானிக் மாட்யூல் போடச் சொல்லும் நண்பர்கள் உண்டு. தேய்மானமே இல்லாத அந்த வசதியை நான் மறுக்கவில்லை. ஆனால் பாயிண்ட் கெடும்போது முதலில் முனகும், நொண்டும், ஒருவாறு வீடு வரை கொண்டுவந்து சேர்க்கும். மாட்யூல் போனால் எஞ்சின் நின்ற இடத்திலேயே நிற்கும். தவிரவும், என் வண்டி 6 வோல்ட், பாசிட்டிவ் எர்த் (பேட்டரியின் பாசிட்டிவ் முனை வண்டி உடலோடு இணைந்தது). பேட்டரியை ஒருமுறை தலைகீழாக இணைத்துவிட்டால், பாயிண்ட் பொறுத்துக்கொள்ளும் பிழையை மாட்யூல் பொறுக்காது.

மீதமுள்ள ஒரே மனக்குறை, ஃபிளைவீல் குறியைப் பார்க்கும் துளை. டார்ச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தாலும் துருவும் எண்ணெயும் மூடிய அந்தக் கோடு எளிதில் அகப்படாது. போன முறை கிளட்ச் வேலைக்காக வண்டியைப் பிரித்தபோது, 4 பாகைக் குறியின் மேல் வெள்ளைப் பெயிண்டை ஒரு தீக்குச்சி நுனியால் இழுத்துவிட்டேன்.