கையில் 12 லட்சம்: பழைய டாரஸா, புது டாரஸா, ஊருக்குள் ஓடும் பிக்கப்பா?

என் தங்கை வீட்டுக்காரர் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறார். ஊரில் இருந்த பூமியில் ஒரு துண்டை விற்றதில் 12 லட்சம் கைக்கு வந்தது. நேராக என்னிடம் வந்து, "மச்சான், ஒரு லாரி வாங்கி விட்டுறலாமுங்களா?" என்றார். நாமக்கல்லில் ஒரு லாரி ஆபீசில் 11 வருஷம் உட்கார்ந்து லோடு பிடித்துக் கொடுத்தவன் நான், அதனால் என்னிடம் வந்தார். அவர் லாரி கேபினில் ஒரு தடவைகூட ஏறியதில்லை. இதே கேள்வியோடு வேறு சிலரும் வந்திருக்கிறார்கள் என்பதால், அவருக்குச் சொன்னதை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் கிளீனராக ஏறி, டிரைவராகி, பழைய வண்டி ஒன்று வாங்கி, அது நாலாகி நிற்பவர்கள் நிறையப் பேர். அவர்களைப் பார்த்துத்தான் வெளியாளுக்கும் ஆசை வருகிறது. அவர்கள் போட்ட முதல், ஸ்டியரிங் பிடித்த பத்துப் பதினைந்து வருஷம். பணத்தை மட்டும் போடுகிறவருக்குக் கணக்கு வேறு.

முதலில் பழைய டாரஸ். அதாவது பத்துச் சக்கர லாரி, 2018இல் ஒவ்வொரு ஆக்சிலும் (சக்கர அச்சு) தாங்கலாம் என்ற எடை வரம்பை அரசு உயர்த்திய பிறகு, வண்டியும் லோடும் சேர்ந்த மொத்த எடை சுமார் 28 டன் வரைக்கும் வரும் ரகம். எட்டு ஒன்பது வருஷம் ஓடின வண்டி 12 முதல் 15 லட்சத்துக்குக் கிடைக்கும், கையில் இருக்கிற பணத்துக்குச் சரியாகப் பொருந்துகிற மாதிரிதான் தெரியும். சங்ககிரியில் அப்படி ஒன்றைப் பார்க்கப் போனோம். பெயின்ட் பளபளவென்று இருந்தது, கேபினுக்குள் புதுசாக சீட் கவர், மாப்பிள்ளைக்குப் பார்த்ததும் பிடித்துவிட்டது. கூட வந்த பட்டறைக்காரர் ஒன்றும் பேசாமல் அடியில் படுத்து, கேபினுக்குப் பின்னால் சேஸில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில், ஒரு இடத்தை ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினார். பெயின்ட் உதிர்ந்ததும் உள்ளே வெல்டிங் கோடு, ஒரு சாண் நீளத்துக்கு. பின்னால் ஜோடி டயரில் வெளியே தெரிவது நல்ல டயர், உள்பக்கம் இருந்த நாலும் ரீட்ரெட் (பழைய டயர்மேல் புது ரப்பர் ஒட்டுவது) போட்டுத் தேய்ந்தவை. நான் அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி நம்பரைப் போட்டுப் பார்த்தேன், அபராதம் கட்டாத ஆன்லைன் கேஸ் பதினாலு நின்றது. திரும்பி வந்துவிட்டோம். அந்தப் பட்டறைக்காரர் இல்லாமல் போயிருந்தால் அன்றைக்கே மாப்பிள்ளை அட்வான்ஸ் கொடுத்திருப்பார்.

நல்ல வண்டியே கிடைத்தாலும் செலவு நிற்காது. எட்டு வருஷம் தாண்டினால் வருஷா வருஷம் எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று) காட்ட வேண்டும், அதற்கு முன்னால் பட்டறையில் ஒரு பெரிய தொகை போகும். டயர் ஜோடி 40,000க்கு மேல். மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மட்டும், 2022இல் நிர்ணயித்த கட்டணப்படி, 20 டன்னுக்கு மேற்பட்ட இந்த ரகத்துக்கு வரி தவிர்த்து 43,950 ரூபாய். நேஷனல் பர்மிட்டுக்கும் வயசு உண்டு, பல ஆக்சில் வண்டிக்கு 15 வருஷம் வரைதான், ஆகையால் ஒன்பது வயசு வண்டியை வாங்கினால் வெளி மாநிலம் ஓட்ட ஆறு வருஷம்தான் மிச்சம்.

அப்புறம் ஓட்டம். சேலத்தில் ஜவ்வரிசி ஏற்றி மும்பை போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர். லோடோடு லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் கொடுத்தால் 300 லிட்டர், லிட்டர் 93 ரூபாய் என்று போட்டாலும் டீசல் மட்டும் 28,000 ரூபாய், ஒரு பக்கத்துக்கு. அதற்குமேல் டோல், டிரைவர் படி, புரோக்கர் கமிஷன், ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி. வரும்போது நாசிக் வெங்காயம் கிடைத்தால் பிழைத்தோம். எங்கள் மாமா வண்டி ஒரு தடவை மழையில் அங்கே நாலு நாள் நின்றது, கடைசியில் கிடைத்த வாடகை டீசலுக்கும் டோலுக்கும் சரியாகப் போயிற்று. லாரித் தொழிலில் லாபம் ரிட்டன் லோடில்தான் இருக்கிறது, அந்த ரிட்டன் லோடு பழக்கத்தில் வருவது. நாசிக்கில் எந்த ஆபீசுக்கு போன் போட்டால் காலையில் லோடு, யார் பாக்கி வாடகையை ஒழுங்காகக் கொடுப்பார் என்பது பணம் கொடுத்து வாங்குகிற சமாச்சாரம் இல்லை.

அடுத்தது வழியில் வரும் ரிப்பேர். சோலாப்பூர் பக்கத்திலிருந்து டிரைவர் போனில், "டர்போ போயிருச்சுங்க, 18,000 ஆகும்" என்று ஒரு இன்ஜின் பாகத்தைச் சொல்கிறார். உண்மையாகவே போயிருக்கலாம், பெரும்பாலும் உண்மையாகத்தான் இருக்கும். ஆனால் அந்தத் தொகை நியாயமா, வேறு பட்டறை பக்கத்தில் உண்டா, இப்படி நடக்க வண்டியை ஓட்டின விதம் காரணமா என்று உங்களுக்குத் தெரிய வழியில்லை. தெரியாதவர் ஒன்று எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார், இல்லை நல்ல டிரைவரையும் சந்தேகப்பட்டு விரட்டிவிடுவார். இரண்டாவது வகையைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன், மூன்று வாரம் வீட்டைப் பார்க்காமல் ஓட்டுகிற மனுஷனுக்கு அது பெரிய அவமானம்.

புது டாரஸில் இந்தப் பட்டறைத் தொல்லை முதல் சில வருஷம் குறைவு. 2025 செப்டம்பரில் ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18க்கு இறங்கியதும் நல்ல செய்திதான். ஆனாலும் சேஸ் வாங்கி, பாடி கட்டி, ரோட்டுக்கு வரும்போது 35 லட்சத்துக்குக் குறையாது. கையில் இருப்பதில் பாதியை முன்பணமாகப் போட்டு 30 லட்சம் கடன் எடுத்தால், 10 சதவீத வட்டியில் ஐந்து வருஷத்துக்கு மாதம் 64,000 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவாக டியூ. வண்டி ஓடினாலும் டியூ, ஸ்ட்ரைக்கில் நின்றாலும் டியூ, டிரைவர் பொங்கலுக்குப் போய்ப் பத்து நாள் வராவிட்டாலும் டியூ. இந்த நெருக்கடியில்தான் பலர் ஓவர்லோடு ஏற்றச் சம்மதிக்கிறார்கள். பிடிபட்டால் சட்டப்படி 20,000 ரூபாய், அதற்குமேல் கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000, அதிக எடையையும் அங்கேயே இறக்க வேண்டும். கம்பெனி கான்ட்ராக்ட் கையெழுத்தாகி, மாதம் இத்தனை நடை என்று எழுத்தில் இருந்தால் மட்டும் புது வண்டி யோசிக்கலாம். வாய்வார்த்தையை நம்பி வேண்டவே வேண்டாம்.

தெரிந்தவர் வண்டியில் பங்கு போடுவதைப் பற்றியும் கேட்டார். ஆர்.சி. அவர் பெயரில், பணம் உங்களுடையது, கணக்கு அவர் நோட்டில். வேண்டாம் என்றேன், அவ்வளவுதான்.

மூன்றாவது, ஊருக்குள் ஓடும் சின்ன வண்டி. குட்டியானை (டாடா ஏஸ்) 2005இல் வந்ததிலிருந்து நம் ஊர்ச் சந்துகளில் சரக்கு போகிற விதமே மாறிவிட்டது. ஆனால் அதைவிட ஒரு படி மேலே, ஒன்றேகால் டன்னுக்கு மேல் தாங்குகிற தோஸ்த், பொலேரோ பிக்கப் மாதிரி வண்டிகள்தான் என் தேர்வு. மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத வண்டிக்கு பர்மிட்டே தேவையில்லை. சாதாரண கார் லைசென்சே போதும், 7,500 கிலோ வரைக்குமான சரக்கு வண்டியை அதை வைத்தே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்துவிட்டது. டிரைவர் வராத அன்றைக்கு மாப்பிள்ளையே சாவியை எடுக்கலாம். டாரஸில் இதை நினைத்துப் பார்க்க முடியுமா?

திருப்பூர் இதற்கென்றே அமைந்த ஊர். துணி ஒரே கூரைக்குள் பனியன் ஆவதில்லை. நிட்டிங்கிலிருந்து டையிங், அங்கிருந்து காம்பாக்டிங், பிரிண்டிங், எம்பிராய்டரி, தையல் என்று ரோலும் பண்டலும் இடம் மாறிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு வண்டி. இவர் கம்பெனியிலேயே தினம் யார் யாருக்கு வாடகை போகிறது என்று இவர் கையில் இருக்கிற வவுச்சரிலேயே தெரியும். தனக்குத் தெரிந்த ஒரே சந்தையை விட்டுவிட்டு நாசிக்குக்கு ஏன் போக வேண்டும்?

குறையையும் சொல்லிவிடுகிறேன். இதில் வருமானத்துக்கு உச்சவரம்பு உண்டு. ஆர்டர் குறைந்த மாதத்தில் வண்டி ஸ்டாண்டில் வெயில் காயும். போட்டியும் அதிகம், வாடகையை ஐம்பது ரூபாய் குறைத்துக் கேட்டு ஓட ஆள் இருக்கிறது. கடைசியில் மாப்பிள்ளை மூன்று வருஷம் ஓடின பிக்கப் ஒன்றை ஆறரை லட்சத்துக்கு வாங்கினார். நாலு லட்சம் கையிலிருந்து, மீதி கடன். சராசரி மாதம் ஒன்றில் வரவு 62,000. டீசல் 17,000, டிரைவருக்கு 20,000, டியூ 8,400, இன்சூரன்சுக்கும் டயருக்கும் ரிப்பேருக்கும் தனியாக 5,000 எடுத்து வைக்கிறார். மிஞ்சுவது 11,600. பெரிய பணம் இல்லை. ஆனால் விற்ற பூமியின் எட்டு லட்சம் பேங்கில் அப்படியே இருக்கிறது, வண்டி எங்கே நின்றாலும் அரை மணி நேரத்தில் போய்ப் பார்த்துவிடலாம்.

வரி விஷயம் ஒன்று. பத்து வண்டிக்குள் வைத்திருப்பவர்கள் கணக்குப் புத்தகம் இல்லாமலே அனுமான வருமானம் காட்டலாம். சின்ன வண்டிக்கு மாதம் 7,500 ரூபாய். 12 டன்னுக்கு மேற்பட்ட கனரக வண்டிக்கு டன்னுக்கு 1,000, அதாவது 28 டன் டாரஸ் என்றால் மாதம் 28,000. நிஜத்தில் நட்டம் என்றால் முறையாகப் புத்தகம் எழுதி ஆடிட் செய்துதான் குறைத்துக் காட்ட முடியும். அக்கவுண்ட்ஸ்காரருக்கு இதைச் சொன்னதும் சட்டென்று புரிந்தது.

போன வாரம் மறுபடி வந்தார். "இன்னொரு பிக்கப் எடுக்கலாமுங்களா மச்சான், இல்ல இப்ப லாரி பார்க்கலாமா?" என்றார். முதல் வண்டியின் கடன் முடியட்டும், அதுவரை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னோடு நாமக்கல் பட்டறைக்கு வாங்க, ஒரு டாரஸை அக்கக்காகக் கழற்றுவதைப் பக்கத்தில் நின்று பாருங்க என்றேன். வருகிற ஞாயிறு காலை ஏழு மணி பஸ்ஸில் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.